மண்ணாங்கட்டியின் மகள்

அட்டையை அவளிடம் நீட்டி, "இதை எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று கேட்டார் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி.

பட்டமளிப்பு மேடைக்குப் பக்கத்து அறை. இன்னும் சற்று நேரத்தில் எல்லோருடைய பெயர்களையும் வாசிக்கப் போகிறவர் அவர்தான்.

அட்டையில் அவள் பெயர். அதற்குப் பின்னால், குடும்பப் பெயர் என்ற இடத்தில், அப்பாவின் பெயர்.

மண்ணாங்கட்டி.

ஊரில் அது ஓர் எழுத்துக்கும் ஒரு புள்ளிக்கும் பின்னால் ஒளிந்திருந்தது. பாஸ்போர்ட்தான் வெளியே இழுத்துப் போட்டது.

வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒரு மதுரைக்காரன் நின்றான்.

"மன்னன்," என்றாள். "அதுவரை போதும்."

"என்ன பொருள்?"

"அரசன்."

பெண்மணி முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார்.

அப்பா மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல்முறையாக விமானம் ஏறி வந்தவர். கீழே அத்தனை பேரும் ஒரே கறுப்பு அங்கி, ஒரே தொப்பி. கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, வெள்ளைக்கார உச்சரிப்பில் மகள் பெயர் பிடிபடாவிட்டாலும் தன் பெயர் காதில் விழும் என்று காத்திருந்தார்.

விழவில்லை.

விழா முடிந்து தேநீருக்குக் கூடியபோது கேட்டார்.

"எப்பம்மா மேல ஏறுன? எம்பேர சொல்லவே இல்லியே. ஒரு போட்டோகூட எடுக்கல."

"அவங்களுக்கு வாயில நொழையலப்பா."

"பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க."



அப்போது அந்தப் பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

"கிங்குன்னா ராஜாதானே?"

அவள் தலையாட்டினாள்.

அவர் மகளைப் பார்த்தார். பெண்மணியைப் பார்த்தார். மறுபடியும் மகளை.

பிறகு சிரித்தார். அதில் கோபம் துளிகூட இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு மின்னாடி மூணு பொறந்துச்சு. மூணும் தூளியிலயே போச்சு. ராஜான்னு பேரு வச்சிருந்தா என்னியும் எமன் தூக்கினு போயிருப்பான். இது வெறும் மண்ணாங்கட்டின்னு வுட்டுட்டுப் பூட்டான்மா."

அவர் என்ன சொல்கிறார் என்று பெண்மணி ஆவலோடு அவளைக் கேட்டார்.

எங்கிருந்து தொடங்குவது?

"மண்," என்றாள் அவள்.