பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி

“இன்னியோட சரி மிஸ். நாளைலேருந்து வேதா வரமாட்டா. படப்பைல எங்கம்மா வூட்டுக்கே போறோம். நான் ஷிப்ட்டுக்குப் போறப்போ அவ ரூமை வெளிய பூட்டிட்டுப் போயிடுவேன்.”

பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வது போலத்தான் அப்பாதுரை இதைச் சொன்னான். அவனுக்குப் பின்னால், படிக்கட்டில் அவன் மனைவி வேதா நின்றிருந்தாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது.

மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், மருந்துக் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். நான்கு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஏ.சி. பாடம் நடத்துவது தபீதாள். முப்பது வயது, அதிகம் பேசமாட்டாள்.

“கையில என்ன வேதா?”

“கஞ்சி கொட்டிக்கிட்டா” என்றான் அப்பாதுரை.

கேட்டது அவளை, பதில் சொன்னது அவன். போன மாதம் வாசற்படி தடுக்கியது. அதற்கு முந்தின மாதம் குழாயடி வழுக்கியது. இப்போது கஞ்சி. தபீதாளுக்குப் புரிந்தது. காட்டிக்கொள்ளாமல் பேசினாள்.

“இன்னைக்குக் கடைசி டெஸ்ட் சார். பத்துலேருந்து ஒரு மணி வரைக்கும். சொந்தமா ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டணும். அது முடிஞ்சாதான் சர்ட்டிபிகேட்.”

அப்பாதுரை யோசித்தான். பெண்டாட்டி கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று மறைமலை நகர் கம்பெனியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாயிற்று. வெறுங்கையோடு நிறுத்தினால் நாலு பேர் சிரிப்பார்கள்.

“சரி, எழுதட்டும். ஆனா நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். உள்ள எத்தினி ஆம்பளைங்க?”

“இன்னைக்கு அவ ஒருத்திதான் சார்.”

“அப்போ கதவைத் தொறந்து வைங்க.”

“ஏ.சி. ரூம். தூசி போனா மெஷின் கெட்டுடும்.”

“அவ உள்ளதான் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதுவரை வாய் திறக்காத வேதா மெதுவாகச் சொன்னாள். “பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் என் பேரும் மணியும் பேப்பர்ல அடிச்சு வெளிய அனுப்பறேங்க.”

அப்பாதுரைக்கு அது பிடித்திருந்தது. கம்பெனி வாசலில் அவனும் அப்படித்தான் கார்டை மெஷினில் செருகி மணி பதிக்கிறான். ஆள் வராமல் கார்டில் மணி விழாது.

“ஒரு காகிதம் தப்புச்சு, காலை உடைச்சிடுவேன்” என்றான்.

வேதா தலையாட்டினாள். ஏ.சி. அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. வாசலில் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அப்பாதுரை அந்தச் செருப்பைக் காலால் தள்ளித் தன் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பத்தேகாலுக்கு உள்ளே பிரிண்டர் கரகரத்தது. சென்டரைப் பெருக்கித் துடைக்கும் பேபி கதவை ஒருக்களித்து, ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். ஆங்கிலத்தில் வேதா என்ற பெயர், பக்கத்தில் மணி. அப்பாதுரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நிமிஷம் பிசகவில்லை.

பத்தரைக்கு ஒன்று. பத்தே முக்காலுக்கு ஒன்று. பதினோரு மணிக் காகிதத்தையும் அவன் கடிகாரத்தோடு சரிபார்த்தான்.

“இன்னா சார், இன்னும் சந்தேகமா கீதா? அதான் பேரு போட்டு, டைம் போட்டு, கரீக்டா வந்துகினு கீதே” என்றாள் பேபி.

“நீ உன் வேலையைப் பாரு.”

பதினொன்றே முக்காலுக்குச் சற்று முன்னால் கரண்ட் போனது. அக்கினி நட்சத்திர வெயில். மின்விசிறி நின்ற மறு நிமிஷமே அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ பீப் பீப் என்று கத்தியது.

“போதும். வெளிய வரச் சொல்லுங்க.”

தபீதாள் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “பேட்டரி இருக்கு சார், பத்து நிமிஷம் தாங்கும். இப்ப நிறுத்தினா அவ பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்.”

“போனா போவட்டும். நகருங்க.”

அவன் கை தாழ்ப்பாளைத் தொட்ட அதே நேரம் பிரிண்டர் கரகரத்தது. பேபியின் கை காகிதத்தை நீட்டியது. வேதா, பதினொன்றே முக்கால்.

“எழுதித் தொலைக்கட்டும்” என்று அவன் மறுபடி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கரண்டும் வந்தது. தபீதாள் மட்டும் வெகுநேரம் கதவில் சாய்ந்தே நின்றிருந்தாள். அவள் உதடுகள் ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தன. ஒரு டெஸ்ட்டுக்கு இவ்வளவு பயமா என்று அப்பாதுரைக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு மணிக்குப் பன்னிரண்டாவது காகிதம் வந்தது.

“மார்க் போடணும் சார், பத்து நிமிஷம்” என்றாள் தபீதாள். அவன் பத்து நிமிஷம் பொறுத்தான். அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்தான். பிறகு எழுந்து கதவைத் தட்டினான்.

“ஏய் வேதா! வா, கிளம்பலாம்.”

கதவைத் தள்ளிக்கொண்டு கம்பெனி பூட்ஸோடு உள்ளே போனான். இந்தத் தடவை தபீதாள் தடுக்கவில்லை.

நான்கு மெஷின்களுக்கு முன்னாலும் நாற்காலிகள் காலி. பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகும் கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. அவன் திகைத்து நிற்கும்போதே, யார் கையும் படாமல் பிரிண்டர் தானாகக் கரகரத்து இன்னொரு வரியை அடித்தது. வேதா, ஒன்றேகால்.

“பாஸ் பண்ணிட்டா சார்” என்றாள் தபீதாள். “ஒருதரம் ஓட விட்டாப் போதும், எழுதினவ பக்கத்துல இருக்க வேண்டியதில்லை. மூணாவது காகிதம் உங்க கைக்கு வந்தப்பவே, அவ வெறுங்காலோட ஸ்டேஷனுக்குப் போய் வண்டி ஏறிட்டா.”