ஆய்வு இருக்கா, டீச்சர்?

"இது வகுப்பா, சாப்பாட்டுக் கடையா?"

வாசல்லயே நின்னு கத்தினாரு கல்வி அதிகாரி குணாளன். டவுன்ல இருந்து மலை ஏறி வந்தவரு. பிள்ளைங்க சொன்ன வணக்கத்துக்குப் பதில் இல்ல, டீச்சர் பேரக்கூடக் கேக்கல.

எஸ்டேட் தமிழ்ப்பள்ளியோட ரெண்டாம் வகுப்பு. பதினாலு பிள்ளைங்களும் சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சிருந்தாங்க.

"மொதப் பாடம் எழுத்துப் பயிற்சி. மணி அடிச்சதும் எழுதணும். ஆய்வு அப்படித்தான் சொல்லுது!"

ரெண்டு சுவெட்டர் போட்டுக்கிட்டுச் சொல்றாரு!

"கேமரன் மலைக் குளிருக்கு விரல் வெறச்சுப் போகுது சார். கொஞ்ச நேரம் சூடு புடிச்சாத்தான் பென்சில் கையில நிக்கும்," சொன்னாங்க உமாதேவி டீச்சர். "கோப்பை புடிச்ச நாளு எத்தன வரி, புடிக்காத நாளு எத்தன வரின்னு மூணு வருஷமா எழுதி வச்சிருக்கேன். பாருங்க."

நோட்டை நீட்டினாங்க. அவரு தொடவே இல்ல.

"ஐயோ டீச்சர், இதெல்லாம் ஒரு ஆய்வா? நாளையிலேர்ந்து கோப்பை கூடாது. அறிக்கையில எழுதிடுறேன்."

எழுதவும் ஆரம்பிச்சுட்டாரு. உமாதேவிக்கு அழுகையே வந்துடுச்சு. பக்கத்துல தலைமையாசிரியர் சாமிநாதன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. இத்தன வருஷம் கூட வேலை செஞ்ச மனுஷன், ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

பேசினாரு.

"சார் சொல்றதுதான் சரி. ஆய்வு இல்லாம எதுவும் செய்யக் கூடாது. டீச்சர், நோட்ட உள்ள வைங்க."

பாவி மனுஷன்!

"ஆனா சார், 'குளிர்ப் பிரதேசப் பிள்ளைகளின் விரல் வெப்பமும் எழுத்து வேகமும்'னு ஒரு ஆய்வு இருக்கே. உமாதேவி செஞ்சது. மூணு வருஷ ஆய்வு. சாருக்குத் தெரியாம இருக்காது."

உமாதேவி திடுக்கிட்டு வாயத் தொறந்தாங்க. சாமிநாதன் முறைச்ச முறைப்புல மூடிக்கிட்டாங்க.

குணாளன் பேனா நின்னுச்சு.

"ஓ, உமாதேவி ஆய்வா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே! முழுசாப் படிச்சிருக்கேன். அருமையான ஆய்வு."

எழுதினத அடிச்சுட்டு, 'ஆய்வின் அடிப்படையில் கோப்பை தொடரலாம்'னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு.

காடிக் கதவத் தொறந்து ஏறப் போனவரு திரும்பிப் பார்த்தாரு.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். சும்மா நோட்டுல கிறுக்கிக்கிட்டு இருக்காம, அந்த உமாதேவி எழுதினத ஒரு தடவையாவது வாங்கிப் படிங்க. நெறையக் கத்துக்கலாம்!"