ஞாயிறு ஒத்திகை

அனல்மின் நிலையக் குடியிருப்பில் யாரும் மின்வெட்டைக் கண்டதே இல்லை. நிலையத்தை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே வேலை பார்க்கும் ஸ்டெல்லா ஞாயிறுதோறும் காலையில் குடியிருப்பு முழுவதற்குமான மெயின் சுவிட்சை இறக்கி மாலையில் ஏற்றத் தொடங்கினாள்.

"கரண்ட் எடுக்கிற ஊர்லயே கரண்டை நிறுத்துறியே, உனக்கே நல்லாயிருக்காம்மா?" என்று மூன்றாம் மாடியிலிருந்து குணசீலன் கத்தினார்.

"மூடுன பிறகு யார்ட்ட போய்க் கேப்பீங்கண்ணே? இப்பவே பழகிக்குங்க."

ஐந்தாவது ஞாயிறு மாலை சுவிட்சின் கைப்பிடியை மேலே தள்ளினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். நிலையத்தின் புகைபோக்கியில் புகை இல்லை. மூடுவதாகச் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அடிபம்புத் தண்ணீரைக் கயிறு கட்டி மாடிக்கு இழுத்துக்கொண்டிருந்த குணசீலன் எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள ஏத்தப் போறியா? இன்னும் நாலு குடம் இருக்கும்மா!"

ஸ்டெல்லா கைப்பிடியைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினாள். போய், அடுத்த குடத்தின் கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.