கோடாலிக்குப் பக்கத்து ஆணி

மலையடிவாரத்தில் தன் வயலையும் அதை ஒட்டிய காட்டையும் நல்லபடியாக வைத்திருந்ததற்காகச் செங்கோடனுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டில் வேறு ஆணி காலியாக இல்லை. அதனால் கோடாலிக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டிவிட்டுப் போனார்.

கோடாலிக்குக் கூச்சமாக இருந்தது. அதன் உடம்பெல்லாம் துரு.

"இந்த மரியாதையில உங்க பங்கு என்ன?" என்று பொன்னாடை கேட்டது.

மூலையில் சாய்ந்திருந்த மண்வெட்டி முந்திக்கொண்டது. "மழைத்தண்ணி ஓடிப்போகாம வரப்பு போட்டது நான்தான்."

"நீ?"

கோடாலி தயங்கியது. "நான் ஒண்ணும் செய்யல. மகளுக்கு ஆபரேஷன்னப்போ ஒரு நாள் என்னைத் தீட்டிக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போனார். பெரிய வேங்கை மரத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னார். ஓங்கவே இல்ல. திரும்பி வந்து என்னை மாட்டிட்டு, தொழுவத்துல இருந்த ரெண்டு எருமையையும் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனார். பதினெட்டு வருஷமாச்சு. அப்புறம் என்னைத் தொடவே இல்ல. என்மேல என்ன கோபமோ!"

காற்றடித்தபோது பொன்னாடை கோடாலியின் மேல் சாய்ந்தது. பிறகு விலகவும் இல்லை.

மறுநாள் காலையில் செங்கோடனின் மனைவி பாவாயி பதறினாள். "ஏனுங்க, ஜரிகையெல்லாம் துரு ஒட்டிருச்சுங்க!"

செங்கோடன் வந்து கோடாலியின் வாயை விரலால் மெல்லத் தடவினார்.

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது, உடு. அந்தத் துருவுக்குத்தானே இதைக் குடுத்தாங்க."