ஒரே ஒரு நட்சத்திரம்

லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தபோதே, மேசை மேலிருந்த போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்க்காமலே கண்ணாடிக் கடைக்காரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த ஒரு அதிர்வைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளின் வாயையும் அவள் எப்போதோ அடைத்து வைத்திருந்தாள்.

தங்கை புதுப் பாட்டு போட்டிருக்கிறாள்.

இணையத்தில் பாட்டு விற்கும் கடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தியோடை உண்டு. கடைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. புதுச் சரக்கு இறங்கிய கையோடு தகவல் நம்மைத் தேடி வந்துவிடும். ஊர் உலகத்தில் எல்லோரும் பிடித்த பாடகருக்காக அதை வைத்துக்கொள்வார்கள். அவள் பிடிக்காத பாடகிக்காக வைத்திருந்தாள். எல்லாக் கடைகளின் ஓடையையும் ஒன்றாகச் சேர்த்து, தங்கையின் பெயர் இருந்தால் மட்டும் காட்டு என்று வடிகட்டி, கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு இசை நிறுவனம் நடத்திய குரல் தேர்வுக்கு இரண்டு பேரும் சேர்ந்து பாடப் போக வேண்டியிருந்தது. அன்று பார்த்து அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தங்கை ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாகப் போனாள், அக்கா போட்ட மெட்டுகளையே பாடினாள், தேர்வானாள். வெளிவந்த ஆல்பத்தில் 'இசை' என்ற இடத்திலும் அவள் பெயரே இருந்தது. அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

அன்றிலிருந்து தங்கையின் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் விமர்சனம் 'பொதுஜனம்' என்ற பெயரில் வரும். ஒரே ஒரு நட்சத்திரம். கூடவே நாலு வரி வசவு. பாட்டைக் கேட்டுத்தான் திட்ட வேண்டும் என்ற அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. அந்தக் குரலை வீட்டில் கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

ஓடையில் பாட்டின் தலைப்பும் வெளியிட்டவர் பெயரும் மட்டும் இருந்தன. வெளியிட்டவர், தங்கை. தலைப்பு, 'மழை வருது, துணியை எடு'.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அது அவளுடைய மெட்டு. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, கீழேயிருந்து அம்மா போட்ட சத்தத்தையே முதல் அடியாக வைத்து விளையாட்டாகக் கட்டியது. அவளையும் தங்கையையும் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனாலும் இந்த ஒன்றையாவது விட்டுவைப்பாள் என்று நம்பியிருந்தாள். அதிலும் மண்.

சந்து வாசலில் லாரியை நிறுத்திவிட்டுத் தன் கண்ணாடிக்காக உட்கார்ந்திருந்த டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. பாட்டு இருந்த பக்கத்தைத் திறந்து, வேறெதையும் பார்க்காமல் நேரே அடியில் இருந்த விமர்சனப் பெட்டிக்குப் போனாள்.

ஒரு நட்சத்திரத்தை அழுத்தினாள். கண்ணாடி உடைந்துவிடும்போல அழுத்தினாள்.

'பூனை வாலை மிதித்தால் இதைவிட நன்றாகப் பாடும். சுருதி ஒரு தெருவில், குரல் ஒரு தெருவில். வெட்கம் இருந்தால் இந்தக் குரலை வெளியே காட்டாதீர்கள்.'

அனுப்பிவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்தது. மீண்டும் இயந்திரத்தில் கை வைத்தபோது, திறந்தபடியே இருந்த பக்கத்தில் ஏதோ புதிதாக முளைத்தது. அவள் விமர்சனத்துக்குக் கீழே, பாட்டை வெளியிட்டவரின் பதில்.

"பூனை வாலை மிதிச்ச மாதிரின்னு நம்ம வீட்ல நீ மட்டும்தான் சொல்லுவே. இந்தப் பாட்டையாவது கேட்டுட்டு திட்டியிருக்கலாமே அக்கா."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள், அழுத்தக்காரி! கேட்கிறேன்டி, கேட்டு ஒவ்வொரு வரியாகக் கிழிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டை ஓடவிட்டாள்.

முதலில் காற்று. கொடியில் துணி படபடக்கும் சத்தம். அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டருக்கே உரிய இரைச்சல்.

பிறகு குரல்.

போனைக் காதருகே கொண்டுபோனாள். எந்தத் தயக்கமும் இல்லாமல் மேலே ஏறி, அங்கேயே நின்று சிரித்துவிட்டு இறங்குகிற குரல். நடுவில் தங்கை கைதட்டுவதும் பதிவாகியிருந்தது.

"நல்லா இருக்கும்மா. யாரு பாடுறது?" என்றார் டிரைவர்.

அவள் பக்கத்தின் மேல் பகுதிக்குப் போனாள். முதலில் வந்தபோது அவள் நின்று பார்க்காத இடத்தில் இருந்தது. இசை, அவள் பெயர். பாடியவர், அதுவும் அவள் பெயரேதான், தங்கையுடையது இல்லை.

விமர்சனத்தை நீக்கு என்று அழுத்தினாள். 'பதில் எழுதப்பட்ட விமர்சனத்தை நீக்க இயலாது' என்றது கடை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதையே சொன்னது. எவன் போட்ட சட்டம் இது என்று கத்தினாள். டிரைவர் பயந்துபோய் எழுந்து நின்றார்.

அவள் பெயரில் வெளிவந்த முதல் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே இதுவரை ஒரே ஒரு விமர்சனம்தான் இருந்தது.