மிதிக்க ஓர் ஆள்

"கோலா தெர்லாவுல அந்த ஆளப் பார்த்தியா இல்லியா? அத மொதல்ல சொல்லு."

கொர்னேலியஸ் குப்புறப் படுத்தபடியே கேட்டான். மலைப்பாதையில் நடந்து அப்போதுதான் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய அவன் மனைவி லூர்தம்மாள், நனைந்த முக்காட்டை உதறினாள்.

"போனேங்க. அவரு போன மாசமே தவறிட்டாராம்."

"நம்ம நேரம்லா. லெம்பா பெர்த்தாம்ல இருக்குற அந்த அம்மா?"

"அவங்க அப்படிப் பொறக்கவே இல்லியாம். சும்மா கெளப்பி விட்டிருக்காங்க."

தேயிலைச் சரிவில் கவாத்து வெட்டும்போது விழுந்த நாளிலிருந்து இந்தப் பாடு. இடுப்பில் தொடங்கும் வலி, தொடைக்குப் பின்னால் சுண்டியிழுத்துக்கொண்டு குதிகால் வரை இறங்கும். தானா ராத்தா ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலை நீட்டி மடக்கினான். லூர்தம்மாள் தைலம் தேய்த்தாள், மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். சனியன் பிடித்த வலி அசைந்து கொடுக்கவில்லை.

கால் முன்னால் வந்து பிறந்தவர் யாராவது இடுப்பை மிதித்துவிட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று லயத்தில் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அப்படி ஒரு பிறவிதான் அகப்படவில்லை.

"வேலைக்குப் போனாத்தான அரிசி தர்றான்," என்றான் கொர்னேலியஸ். "ஜப்பான்காரன் வந்ததுலருந்து உன்னைய மரவள்ளி தின்ன வச்சே கொல்றேன்."

"எனக்கு அது பழகிப் போச்சுங்க. திரும்பிப் படுங்க, தைலம் போடுறேன்."

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் லாரி நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். முன்பு லாரி ஏறியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, சேதியும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆண்களை வரிசையில் நிறுத்தினார். ஜப்பான்காரன் ஒவ்வொருவனையும் நடக்கவிட்டுப் பார்த்தான்.

கொர்னேலியஸ் நாலு எட்டு வைப்பதற்குள் கால் மடங்கி விழுந்தான். நடிக்கிறான் என்று நினைத்த ஜப்பான்காரன், இடுப்பிலேயே ஓர் உதை விட்டான். கொர்னேலியஸ் போட்ட அலறலில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நிஜமாகவே நோயாளி என்று கிராணி மலாய் மொழியில் கெஞ்சினார். அவனை ஓரமாக இழுத்துப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கருப்பையா நேராக நடந்தான். அவனை லாரியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் கொர்னேலியஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"கருப்பையா பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கல, லூர்து. நான் இங்க கெடந்து என்னத்தக் கிழிக்கிறேன்? வலி விட்டுருந்தா அவனோட நானும் போயிருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"தாங்க முடியலம்மா. மிதிக்க ஒரு ஆளு, இந்த மலையில ஒரே ஒரு ஆளு கெடைக்காதா?"

"தேடிக்கிட்டுத்தான இருக்கேன்."

அவன் விசும்பி விசும்பிக் கண்ணயரும் வரை தேய்த்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. பிறகு எழுந்து போய் மாதா படத்துக்கு முன் மண்டியிட்டு, வாய்க்குள்ளேயே சொன்னாள்:

"தாயே, ஜப்பான்காரன் இந்த மலைய விட்டு எறங்கட்டும், அன்னைக்கே நான் மிதிச்சு விட்டுடுறேன். அதுவரைக்கும், கால் முன்னால பொறந்தவ நான்தான்னு இவருக்குத் தெரியவே வேணாம்."