பின்சீட்

“ஏறி உக்காரு. இனிமே இதுதான் உன் வண்டி” என்றார் டிரைவர்.

பழைய மோட்டார் சைக்கிள்கள் விற்கும் கடை அது. வாசலில் வரிசையாகச் சாய்ந்து நின்றவற்றில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை அவர் கைகாட்ட, மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எனக்கு வேண்டாம்னு வீட்டுலயே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். காதுல விழுந்துச்சா?”

“சைக்கிள் ஓட்டுறவதானே நீ? கொஞ்ச நாள்ல பழகிடும்.”

என்ன ஒரு பெருந்தன்மை! கல்யாணமான புதிதில் அவளே வாய்விட்டுக் கேட்டாள், வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று. “உனக்கெதுக்கு? அதான் நான் இருக்கேன்ல” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவளைத் தன் வண்டியின் பின்சீட்டில் ஏற்றிப்போய், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் பஸ் டிப்போவுக்குப் போவார். ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷன் தனக்கும் ஒரு டிரைவர் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

எல்லாம் போன மாதம் வரைக்கும். டிப்போவில் டியூட்டி நேரம் மாறிவிட்டது, இனிமேல் கொண்டுபோய் விட முடியாது என்று திடீரென்று கையை விரித்தார். அடுத்த வாரமே தன் வண்டியையும் விற்றுவிட்டு வந்து நின்றார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது இரண்டு பஸ் மாறி, மூச்சிரைக்க ஓடினாலும் தினமும் தாமதம். இன்னொரு தடவை லேட்டாக வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சூப்பர்வைசர் நேற்றுதான் எல்லோர் முன்னிலையிலும் கத்தியிருந்தார். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவள் புருஷனுக்காகத்தான் வைத்திருந்தாள்.

டிரைவர் வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயர் வரிகளுக்குள் விரலை விட்டுத் தடவினார். செயினைச் சுண்டிப் பார்த்தார். கடைக்காரரை இன்ஜினை ஸ்டார்ட் செய்து முறுக்கச் சொல்லிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.

“சாருக்கு எல்லாம் அத்துப்படி. கையாலயே எடை போட்டுடுறாரு” என்று கடைக்காரர் ஐஸ் வைத்தார். “அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடுங்க சார்.”

கடைக்காரர் நீட்டிய சாவியை டிரைவர் வாங்கவில்லை. “வேண்டாம். சத்தமே போதும், நல்லா இருக்கு.”

“அதெப்படிப் போதும்?” மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. “நாளைக்கு நடுரோட்டுல நின்னுபோனா முழிக்கப் போறது நான்தானே? ஓட்டிப் பாருங்க!”

“வேண்டாம்னா விடேன்.”

“ஏன்? நானும் பின்னாடி தொத்திக்குவேன்னு பயமா?”

கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே நழுவினார்.

அவளுக்கு அடக்க முடியவில்லை. ஒரு மாதமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் கொட்டியது.

“இத்தனை வருஷம் சுமந்தது அலுத்துப்போச்சு. அதானே? மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அதுக்கு எதுக்கு டியூட்டி, நேரம்னு கதை? என்னைக் கழட்டி விட ஒரு ஓட்டை வண்டி வேற!”

“மெதுவாப் பேசு.”

“பேச மாட்டேன்! நேத்து மார்க்கெட் முனையில எதிர்ல வந்தேன். கையைக்கூட ஆட்டினேன். யாரோ எவளோன்னு தாண்டிப் போனீங்களே, பொண்டாட்டின்னு சொல்லிக்க அவ்வளவு வெக்கமா?”

டிரைவர் வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. திட்டினால் திருப்பித் திட்டலாம், சீட்டைத் தடவுகிற மனுஷனை என்ன செய்வது?

அவள் விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். அழுகை வந்துவிடுமோ என்று அதற்கும் கோபம் வந்தது.

“சரி, வாங்கிக் குடுங்க. விழுந்து எழுந்தாவது ஓட்டிக் காட்டுறேன். ஆனா ஒண்ணு, நல்லாக் கேட்டுக்குங்க. செத்தாலும் என் வண்டியில உங்களை ஏத்த மாட்டேன்!”

டிரைவர் ஓரடி முன்னால் வந்தார்.

“நேத்து கையாட்டினது நீயா?”

“வேற யாரு? இப்பவும் தெரியாத மாதிரி நடிக்கிறதைப் பாரு!”

“நடிக்கல. கண்ணு தெரியலன்னு டிப்போல என்னை பஸ்ஸை விட்டே இறக்கிட்டாங்க. நீயாச்சும் ஏத்திக்க.”